சொல்லக்கூடாத எண்

பங்குனி பிறந்து நாலாவது நாள். ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் குலைகளை வெட்டி நிழலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அழுகலையும் வெடித்த பழத்தையும் கத்தரியால் நறுக்கிப் போட்டுவிட்டு, அட்டைப் பெட்டியில் காகிதம் விரித்து அடுக்க வேண்டும். வெயிலில் வெட்டிய பழம் கேரளாவுக்கு மலை ஏறுவதற்குள் வண்டியிலேயே வாடிப்போகும். அதனால் ஜோதிலட்சுமி விடியும்போதே பந்தலுக்குள் நுழைந்துவிடுவாள். நெட்டையான உடம்பு அவளுக்கு. நிமிர்ந்தால் பந்தல் கம்பி தலையில் இடிக்கும். பதினொரு வருசமாகக் குனிந்து குனிந்து, வெளியில் நடக்கும்போதும் கழுத்து லேசாக முன்னால் சாய்ந்தே இருந்தது.

அன்றைக்கு மேகமலைப் பக்கம் வானம் சரியில்லை.

"ஏத்தா சோதி, அங்கன பாரு" என்றாள் பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மலையம்மாள். "மேலெல்லாம் கறுத்துக் கெடக்கு. இந்தப் பழுத்த பழத்து மேல ஒரு மழ விழுந்துச்சுன்னா அம்புட்டும் வாயப் பொளந்துரும்."

"விழட்டும்க்கா. அதுக்கு முந்தி வெட்டிப்புடுவோம்ல."

ஜோதிலட்சுமி ஆண்டிபட்டியில் வாக்கப்பட்டவள். ஆறு வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் தங்கப்பாண்டியன் ஒன்றும் கேட்கவில்லை. மதினி முருகம்மாள் ஒரு தட்டுக் கூடுதலாக வைத்தாள். ரெண்டு வருசம் அண்ணன் பந்தலில் கூலியில்லாமல் பழம் வெட்டினாள். அண்ணன் வெட்டிய பழத்தையெல்லாம் கமிசன் கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் அடுக்கிய பழத்தைப் போனில் படம் எடுத்துக் கோட்டயத்தில் பழக்கடை வைத்திருந்த கிங்ஸ்லிக்கு அனுப்பினாள். கிங்ஸ்லி இந்தப் பக்கத்து ராயப்பன்பட்டிக்காரன். "இருவது பெட்டி வண்டியில ஏத்துங்கக்கா" என்று அவன் பதில் போட்டதுதான் தொடக்கம். இப்போது குமுளியிலிருந்து கோட்டயம் வரைக்கும் நூற்று முப்பத்தெட்டுக் கடைகள். அத்தனை கடையும் அவள் போனுக்குள் இருந்தது. இரவே ஆர்டர் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் காலையில் எந்த வரிசையில் கத்தரி வைப்பதென்று முடிவாகும்.

எட்டு மணிக்கு டீயும் வடையும் வந்தன. கையைக் கழுவிவிட்டு, ஒரு வடையோடு ஜோதிலட்சுமி தகரக் கொட்டகைக்கு வந்தாள். அங்கே சார்ஜில் போட்டிருந்த அவள் போன் பக்கத்தில் தங்கப்பாண்டியன் பெட்டிக்குப் பசை டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் கூப்பிட்டாகளாண்ணே?"

"கூப்பிட்டாக. செக்போஸ்ட்டுல இருந்து பேசுறோம்னாக. கேரளா போற பழ வண்டிக்கெல்லாம் இனிமே புதுப் பாஸாம். போனுக்கு ஆறு நம்பரு வரும், அதப் படிச்சுச் சொல்லுங்கன்னாக. வந்துச்சு, சொல்லிட்டேன். நீ பாஸ் வாங்கச் சின்னமனூருக்கு அலைய வேண்டியதில்ல, ஒரு சோலி முடிஞ்சுச்சு."

அவர் முகத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி இருந்தது. ஜோதிலட்சுமி போனை எடுத்தாள். வாட்சப்பைத் தொட்டாள். இந்த எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று வந்தது. வடை கையிலேயே இருந்தது.

"என்னாத்தா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கிங்ஸ்லி.

"அக்கா, என்னைய எதுக்கு சார்னு எழுதிருக்கீக? நம்மளுக்குள்ள ஏதும் சண்டையா?"

"என்ன எழுதிருக்கு, படி தம்பி."

"நமது வங்கிக் கணக்கு மாற்றப்பட்டுள்ளது, முன்பணத்தை இன்றே இந்தக் கணக்கிற்கு அனுப்பவும் சார்னு இருக்கு. எனக்குச் சந்தேகமாப் போச்சு. நீங்க என்னைக்குமே காசு முன்னால கேட்டதில்லயே."

"தம்பி, அது நான் இல்ல. எவனோ உள்ள பூந்துட்டான். உனக்குத் தெரிஞ்ச கடைக்காரவுகளுக்கெல்லாம் சொல்லு, ஒத்தப் பைசா போடக் கூடாதுன்னு. நானும் கூப்பிடுறேன்."

அன்று காலை அவள் முதலில் சைபர் புகார் எண்ணுக்கு அடித்தாள். பிறகு கடை கடையாகக் கூப்பிட்டாள். அவள் பேசுவதற்குள் இரண்டு கடைக்காரர்கள் பணம் போட்டுவிட்டிருந்தார்கள். தங்கப்பாண்டியன் டேப்பைக் கையில் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடந்ததென்று அவருக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பந்தலுக்குள் போய்விட்டார்.

ஜோதிலட்சுமி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனாள். அங்கே பெனாசிர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். ஜோதிலட்சுமியின் பில் புத்தகம், பெட்டி லேபிள் எல்லாம் அடித்துக் கொடுப்பவள் அவள்தான்.

பெனாசிர் போனை வாங்கி, எண்ணைத் திரும்பப் பதிந்தாள். ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைப் போட்டாள். சற்று நேரம் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அக்கா, அவென் வெளிய போயிட்டான். இனிமே உங்க பேருல எதுவும் அனுப்ப முடியாது. ஆனா நீங்களும் உள்ள போக முடியாது."

"அது ஏன்?"

"ரெண்டாவது பூட்டு ஒண்ணு கேக்குது. ஆறு நம்பரு. நீங்க எப்பயாச்சும் போட்டு வச்சீகளா?"

"இல்லயே."

"அப்ப அவென் போட்டுருக்கான். உள்ள நொழஞ்சதும் மொத வேலயா அதப் போட்டுட்டான். ஏழு நாள் கழிச்சுத்தான் தெறக்கும்."

"ஏழு நாளா! வெட்டு நடக்குதும்மா. பழம் பந்தல்ல தொங்குது."

"ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

ஜோதிலட்சுமிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "எங் கடைக்கு நான் போடாத பூட்டக் களவாணிப்பய போட்டுட்டுப் போயிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு அந்தப் பூட்டோட அரும."

"நான் போன வருசமே சொன்னேன்லக்கா."

"சொன்ன. பெறகு பாத்துக்கலாம்னு நான்தான் விட்டுட்டேன். இப்பப் போடு. என்னென்ன பூட்டு இருக்கோ அம்புட்டயும் போடு."

அன்றைக்கே இமெயிலுக்கும் பேங்குக்கும் இரட்டைப் பூட்டுப் போட்டார்கள். கடவுச்சொல்லை எவனாவது களவாண்டாலும் கதவு திறக்காது; அதோடு அவள் போனில் ஒரு எண்ணையும் பார்த்துப் போட வேண்டும். அந்த எண் அரை நிமிசத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. போனே தொலைந்துபோனால் உள்ளே நுழைவதற்குப் பத்து மாற்று எண்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தாள் பெனாசிர்.

"இதப் போட்டோ எடுத்துப் போன்ல வைக்காதீக. எங்கயாச்சும் பத்திரமா வைங்க. யாருகிட்டயும் குடுக்கக் கூடாது, சொல்லக் கூடாது."

"எங்க அண்ணன்கிட்ட?"

"என்னையப் பெத்த அத்தாவுக்கே என் நம்பரு தெரியாதுக்கா. பிரியம் இல்லாமயா? அவுககிட்ட ஒருத்தன் போன் போட்டு, உங்க மக ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சொன்னா, பதறிப்போய்ச் சொல்லிருவாகள்ல. தெரிஞ்சாத்தான சொல்லுவாக."

ஜோதிலட்சுமி தாளை நாலாக மடித்துக்கொண்டாள்.

அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கமிசன் கடை சண்முகராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அண்ணன். மதினி கொடுத்த காப்பி இருவர் பக்கத்திலும் ஆறிக்கொண்டிருந்தது.

"வா தங்கச்சி" என்றார் சண்முகராஜ். "கடையே பூட்டிப் போச்சாம்ல. கேள்விப்பட்டதும் மனசு கேக்கல, வந்துட்டேன்."

"நல்லதுண்ணே."

"வானமும் சரியில்ல. பழமும் நிக்காது. நாளைக்கு வெள்ளன முப்பது ஆள் விட்டு மொத்தப் பந்தலயும் நானே வெட்டிக்கிறேன். பாதி வெலதான் வரும். இருந்தாலும் மழயில போறதுக்கு அது தேவலாம்ல? உங்க அண்ணனும் சரிங்குறாரு."

தங்கப்பாண்டியன் நிமிரவில்லை.

"எங்க அண்ணன் சரிங்கலண்ணே. அவரு மனசு ஒடிஞ்சு போயி உக்காந்திருக்காரு. அதப் பாத்து நீங்களா சரின்னு எடுத்துக்கிட்டீக."

"கோவப்படாத. ஏழு நாளு என்ன பண்ணுவ? ஆர்டரு எப்படி வரும்?"

"கடைதான் பூட்டிக் கெடக்கு. என் வாய எவனும் பூட்டல. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணே, இருட்டப் போகுது."

சண்முகராஜ் சிரித்துக்கொண்டே எழுந்தார். "மழ பேஞ்ச மறுநாளு கால் வெலைக்குக் குடுப்ப தங்கச்சி. அப்பவும் நான்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் முதல் ஜோதிலட்சுமி கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். ஒரு நாளைக்கு நாற்பது கடை, ஐம்பது கடை. மதினியின் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஆர்டரை எழுதினாள். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்கதானா?" பயந்துபோயிருந்தார்கள். தான்தான் என்று அவள் ஒவ்வொருவருக்கும் நிரூபிக்க வேண்டியிருந்தது. "போன வருசம் மக கல்யாணத்துக்கு ரெண்டு பெட்டி பன்னீர் திராட்ச தனியாக் கேட்டீகள்ல, ஒரு பெட்டி நசுங்கி வந்துச்சுன்னு என்னைய வஞ்சீகள்ல, அந்தச் சோதிதான்" என்பாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். மலையாளக்காரர்களிடம் அவளுக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசுவாள். தப்பாகப் பேசினால் அதுவே அவள்தான் என்பதற்கு அடையாளமாக இருந்தது.

மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. மத்தியானம் முருகம்மாள் தூக்குச்சட்டியில் சோறும் சீனியவரங்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுவந்தாள். சொம்பில் மிளகு தட்டிப்போட்ட வெந்நீர்.

"இதக் குடிச்சிட்டுப் பேசு. குரலு சேவல் மாதிரி இருக்கு."

"அண்ணன் சாப்பிட்டாரா மதினி?"

"எங்க சாப்பிட்டாக. ரெண்டு வாயி வச்சிட்டுக் கைய கழுவிட்டாக. எங்கிட்டயும் பேசல."

"நான் ஒண்ணும் சொல்லலயே மதினி."

"நீ ஒண்ணும் சொல்லாததுதான் அவுகளுக்குக் குத்துது" என்று சொல்லிவிட்டு முருகம்மாள் பழம் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் ஒச்சாண்டியின் பிக்கப் வண்டியில் நூற்றிருபது பெட்டி ஏறியது. டிரைவர் பக்கத்தில் ஜோதிலட்சுமியும் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்குக்கா? நான் எறக்கிட்டு வந்துர மாட்டனா?" என்றான் ஒச்சாண்டி.

"பழத்த நீ எறக்கு. நான் மொகத்தக் காட்டிட்டு வாரேன்."

குமுளி மலையில் காற்று ஈரமாக அடித்தது. வண்டிப்பெரியாறு, பீருமேடு என்று கடை கடையாக இறங்கி ஏறினாள். ஒன்பது வருச வியாபாரத்தில் பாதிப் பேரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். முண்டக்கயத்தில் சம்சுதீன் கடை. பணம் போட்டு ஏமாந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். கம்பத்துக்காரர், முப்பது வருசமாக அங்கே கடை.

"நீதானாம்மா அது?" என்றார். இறக்கிய பெட்டியைக் கையால் கூடத் தொடவில்லை. "உம் பேருல வந்துச்சு, உன் நம்பருல வந்துச்சு, போட்டேன். இப்ப வந்து அது நான் இல்லன்னு நீ சொன்னா நான் யாரப் போயிக் கேக்க?"

"நீங்க என்னையத்தான் கேக்கணும் பாய். அதுக்குத்தான் வந்திருக்கேன். எங்க வீட்டுல ஒரு நம்பர வெளிய சொன்னது தப்பு. பூட்டுப் போடாம வச்சிருந்தது எந் தப்பு. புகார் குடுத்திருக்கேன். போன காசுல பாதியப் பேங்குல நிறுத்தி வச்சிருக்காகளாம். நீங்களும் ஒரு புகார் குடுங்க, நான் சாட்சிக்கு வாரேன்."

"மீதிக்கு?"

"மீதியக் களவாண்டவன் தரணும். அவென் கடன நான் தலையில ஏத்திக்க மாட்டேன் பாய். ஏத்திக்கிட்டா நானும் அவென் கூட்டுன்னு ஆயிரும். ஆனா எம் பழத்துல உங்களுக்கு ஒரு கொற வராது. வேணாம்னா சொல்லுங்க, பெட்டிய ஏத்திட்டுக் கோட்டயம் போறேன்."

சம்சுதீன் அவளையே பார்த்தார். கடைக்கு வந்த ரெண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஜோதிலட்சுமி நகரவில்லை. முன்சாய்ந்த கழுத்து அன்றைக்கு நிமிர்ந்திருந்தது.

"வேற எவளாச்சும்னா போன அமத்திட்டு ஒளிஞ்சிருப்பா" என்றார் அவர் கடைசியில். "பெட்டிய வச்சிட்டுப் போ. ஒரு கட்டன் சாயா குடி, தொண்டையே இல்ல ஒனக்கு."

"இன்னொண்ணு பாய். இனிமே கணக்கு மாறுச்சு, காசு போடுன்னு எழுத்துல எது வந்தாலும் நம்பாதீக. நீங்களா என்னையக் கூப்பிட்டு எங்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க. எனக்கு ஒரு பூட்டு, உங்களுக்கு ஒரு பூட்டு."

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை வந்தது. அதற்குள் மலையம்மாளும் மற்ற பெண்களும் முக்கால் பந்தலை வெட்டி முடித்திருந்தார்கள். கடைசி மூன்று வரிசையில் கத்தரி வைக்கும்போதே மேலே இலைகளில் சடசடவென்று விழுந்தது. தங்கப்பாண்டியன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த குலைகளைக் கூடையில் வாரிக்கொண்டு ஓடினார். மேற்கு ஓரம் முழுக்க வெடித்துப்போனது. வெடித்த பழத்தை ஜூஸ் கடைக்காரர்களுக்குக் கூடைக் கணக்கில் ஜோதிலட்சுமி போனிலேயே விற்றாள். மறுநாள் சண்முகராஜ் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பந்தலை எட்டிப் பார்த்தார். காலிக் கொடிகளைத்தான் கண்டார். இறங்காமலே போய்விட்டார்.

எட்டாம் நாள் காலை வாட்சப் திறந்தது. ஜோதிலட்சுமி முதலில் அந்த ஆறு எண் பூட்டைப் போட்டாள். எண் மறந்துபோனால் மீட்பதற்குத் தன் இமெயிலையும் அதோடு சேர்த்தாள். பிறகுதான் கிங்ஸ்லிக்கு "வந்துட்டேன் தம்பி" என்று எழுதினாள்.

தங்கப்பாண்டியன் குளித்துவிட்டு வந்து, நெற்றியில் திருநீறோடு அவள் முன்னால் நின்றார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் முகத்தில் இருந்தது.

"பூட்டுப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்ணே."

"அந்த நம்பரையும், பெனாசிர் குடுத்த தாளையும் எங்கிட்டக் குடு. பீரோவுல வைக்கணும்."

"அது முடியாதுண்ணே."

"என்னாது?"

"யாருக்கும் தரக் கூடாது."

"நான் யாரோவா? இந்த வீட்டுக்குப் பெரியவன் நான். எனக்குத் தெரியாம எங் கொட்டகையில ஒரு பூட்டா? ஒரு தடவ தெரியாமச் சொல்லிட்டேன், அதுக்காக என்னையக் களவாணி கணக்கா நிறுத்துறியா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"பெறகென்ன? பஸ் ஏறி வந்தன்னைக்கு ஒரு வார்த்த கேட்டனா ஒன்னைய? கேட்டனா?"

முருகம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜோதிலட்சுமியின் குரல் இறங்கவில்லை. கட்டிய தொண்டை அப்போதும் கரகரத்தது.

"கேக்கலண்ணே. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உசுரக் கேளு, தாரேன். அப்பா எழுதி வச்ச பந்தலுல எம் பங்கக் கேளு, ஒக்காந்து பேசுவோம். நம்பரு மட்டும் தர மாட்டேன். நீ கெட்டவன்னு இல்ல. நாளைக்கு ஒருத்தன் ஒன்னயப் பயங்காட்டுனா நீ எனக்காகப் பயந்து சொல்லிருவ. செக்போஸ்ட்டுக்காரன்கிட்ட நீ எதுக்குச் சொன்ன? நான் சின்னமனூருக்கு அலையக் கூடாதுன்னுதான சொன்ன? அந்த நல்ல மனசுலதான் அவென் நொழஞ்சான். நூத்தி முப்பத்தெட்டுக் குடும்பம் எம் பேர நம்பிக் காசு போடுது. அந்தப் பேர நான் யாரு கையிலயும் குடுக்க மாட்டேன். நீ வெளிய போன்னு சொன்னாலும் குடுக்க மாட்டேன்."

தங்கப்பாண்டியன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், அழுக்கே இல்லாத சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

முருகம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ஜோதிலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தாள்.

"எனக்கும் அந்தப் பூட்டப் போட்டு விடு."

"உங்களுக்கா மதினி?"

"ஆமா. எங்க பால் குழுவுல பதினாலு பொம்பளைக. அவுக பால் காசு மாசாமாசம் எம் போனுக்குத்தான் வருது. நான்தான் பிரிச்சுக் குடுக்கேன். அந்தக் காசு எடுக்குற நம்பரு ஒங்க அண்ணனுக்குத் தெரியும், அவுக கூட்டாளிக்குத் தெரியும், எதிர்த்த வீட்டுக்காரனுக்கும் தெரியும். எனக்கு இத்தன நாளும் அது ஒரு பெரிய விசயமாத் தெரியல."

ஜோதிலட்சுமி போனை வாங்கி, பழைய எண்ணை அழித்துவிட்டு, புதிய எண் கேட்கும் இடத்துக்கு வந்து திருப்பிக் கொடுத்தாள்.

வாசலிலிருந்து தங்கப்பாண்டியனின் குரல் வந்தது. "ஏய் முருகம்மா, அங்கன என்ன பண்ணுற?"

"பூட்டுப் போடுறேன்."

"என்ன நம்பரு போடுற?"

"அதச் சொல்லக் கூடாதாம்."

சைக்கிள் துடைக்கும் சத்தம் நின்றது. முருகம்மாள் கட்டைவிரலைத் திரைக்கு மேலே தூக்கியவள், அப்படியே நிறுத்தி, ஜோதிலட்சுமியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீ என்ன பாத்துக்கிட்டே இருக்க? அங்கிட்டுத் திரும்பு."

ஜோதிலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.